கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று எந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "செல்ஃப் அடிக்குதா, அடிக்கலையா?" அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றவே இல்லை என்றால் கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது, அதாவது பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைப்பது), செல்ஃப் மோட்டார், சாவி, ஏதாவது ஒரு ஸ்விட்ச். செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை, பெட்ரோல், தீப்பொறி, காற்று, சென்சார் என்று வேறு பக்கம் போக வேண்டும். பிடித்தவுடன் அணைந்துவிடுவது மூன்றாவது வகை. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டு, அதற்கப்புறமும் வண்டி அசையாமல் நிற்கிறதே என்று தலையில் கை வைப்பவர்கள் நிறைய. அளந்து பார்க்காமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது நம் ஊரில் அதிகம் ஓடுகிற சின்ன பெட்ரோல் கார். சாவியோ பட்டனோ, இரண்டுக்கும் பொருந்தும். டீசலுக்கும் சிஎன்ஜிக்கும் உள்ள தனிச் சங்கதிகள் கடைசியில்.

கையில் என்ன வேண்டும்? ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு 10 நம்பர் ஸ்பானர், பல கார்களில் டெர்மினலைக் கழற்ற அது போதும். டார்ச். ஒரு ஜோடி ஜம்பர் கேபிள், ஆனால் விலை மலிவாக இருக்கிறதே என்று மெல்லிசாக இருப்பதை வாங்காதீர்கள். மேலே தடியாகத் தெரியும் ரப்பருக்குள் நூல் மாதிரி கம்பி ஓடும், செல்ஃப் இழுக்கும் கரண்ட்டை அது தாங்காது, சூடாகி உருகுவதுதான் மிச்சம்.

ஆரம்பிக்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஏசி, லைட், பாட்டு எல்லாம் ஆஃப். மூடிய ஷெட்டாக இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள், ஸ்டார்ட் ஆகிவிட்டால் வரும் புகை ஆளைக் கொல்லும். செல்ஃபை ஒரு தடவைக்கு அதிகபட்சம் பத்து விநாடி, அதற்கு மேல் வேண்டாம். அரை நிமிடம் ஆறவிட்டு அடுத்த முயற்சி. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால், அதுவரை நன்றாக இருந்த செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும்.

முயற்சியே செய்யக் கூடாத நேரம்

வண்டி மழை வெள்ளத்தில் நின்றதா? அப்படியானால் சாவியைத் தொடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நனைந்த கார்களில் பல, தண்ணீரால் கெட்டதைவிட, தண்ணீர் வடிந்ததும் "போகுதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்ததால்தான் அதிகம் கெட்டன. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அதை அழுத்த முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். இன்சூரன்ஸ்காரர்களும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லிப் பணம் தர மறுப்பார்கள், இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் ஒழிய. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களே, அதைக் கேலி செய்தவர்கள் உண்டு, எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது. நனைந்துவிட்டால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மேலே ஏற்றிச் செல்லும் லாரிக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

சாவி திருப்பினால் எதுவுமே இல்லை, டேஷ்போர்டு கூட இருட்டு

இது பெரும்பாலும் பேட்டரி, அல்லது பேட்டரியின் டெர்மினல். போனட்டைத் திறந்து டெர்மினல் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். ஆடினால் விஷயம் அங்கேயே முடிந்தது, இறுக்கினால் போதும். வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரிக்கு மூடி இருந்தால் அதற்குள் சோடா தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ஈரம் துடைத்து, மாட்டிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை சும்மா சடங்குக்காக இல்லை. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால், நெகட்டிவ் இணைப்பில் இருந்தால் பொறி பறக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

இப்போது மீட்டர். 20 வோல்ட் டிசியில் வைத்து, கிளாம்ப்பில் இல்லாமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே முனைகளை வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம், 11.8 என்றால் காலி. சற்றுமுன் வரை ஓடிய வண்டியில் அளந்தால் பொய்யாக ஏற்றிக் காட்டும், ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளக்க வேண்டும். பேட்டரி மேலே பச்சைக் கண் இருக்கிறதே, அதை நம்பலாமா என்று கேட்பார்கள். அது ஆறு செல்லில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பாட்டுக்குப் பச்சையாக இருக்கும்.

நம் வெயிலுக்கு கார் பேட்டரி மூன்று, நான்கு வருடம் ஓடினாலே நன்றாக உழைத்தது என்று அர்த்தம். குளிர்தான் பேட்டரிக்கு எதிரி என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். குளிரில் பேட்டரி திணறுவது உண்மை, ஆனால் அதன் ஆயுளை உள்ளே இருந்து தின்பது சூடு.

"டக டக டக டக"

டேஷ்போர்டு லைட் எரிகிறது, செல்ஃப் போட்டால் போனட்டுக்குள் வேகமாகத் தொடர் சத்தம், லைட்டெல்லாம் மினுக் மினுக்கென்கிறது. செல்ஃப் மோட்டாரின் மின்காந்த ஸ்விட்ச்சான சொலினாய்டு ஒட்டப் பார்க்கிறது, ஒட்டிய நொடியில் பேட்டரி வோல்டேஜ் விழுந்துவிடுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. வேறு எதையும் யோசிக்காமல் டெர்மினலைச் சுத்தம் செய்துவிட்டு ஜம்ப் கொடுங்கள்.

ஜம்ப் கொடுக்கும் வரிசை: சிவப்பு கேபிளின் ஒரு முனை உங்கள் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை உதவிக்கு வந்த காரின் பாசிட்டிவில். கறுப்பு அந்தக் காரின் நெகட்டிவில், அதன் மறுமுனையை உங்கள் பேட்டரி நெகட்டிவில் மாட்டாமல், கொஞ்சம் தள்ளி இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பு போல்ட்டில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் ஒரு சின்னப் பொறி வரும், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயுவுக்குப் பக்கத்தில் அது வரக் கூடாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. உதவிக்கு வந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் உங்கள் செல்ஃப். ஸ்டார்ட் ஆனதும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று பால் வாங்கப் போய்வந்து அணைத்துவிட்டால் மறுபடி அதே கதைதான். நின்ற இடத்திலேயே ஓடவிடுவதில் ஏறும் சார்ஜ் சொற்பம். முக்கால் மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள், இல்லை பேட்டரிக் கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.5இலிருந்து 14.7க்குள் காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை, எத்தனை புது பேட்டரி மாட்டினாலும் அது காலியாகும். சில புது வண்டிகள் பெட்ரோல் மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் ஹெட்லைட் போட்டு வைத்து அளப்பது நல்லது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஆல்டர்னேட்டர் சோதனை என்று சொல்லி, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசடர் காலத்தில் அது நடந்தது. இப்போதைய வண்டியில் வோல்டேஜ் ஒரே தாவலாகத் தாவி இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியுவைக் கொன்றுவிடலாம், அதன் விலையில் பல பேட்டரி வாங்கலாம்.

"டக்" என்று ஒரே ஒரு சத்தம்

இதுதான் அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது. ஒரு தடவை கனமாக டக், அப்புறம் அமைதி. ஹெட்லைட்டைப் போட்டு சுவரில் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள். வெளிச்சம் செத்துவிட்டால் பேட்டரி அல்லது இணைப்பு. வெளிச்சம் கொஞ்சம் மங்கி அப்படியே நின்றால் செல்ஃப் மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சொலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கலாம். வெளிச்சம் துளியும் மாறவில்லை, சத்தமும் இல்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்ட்டே போகவில்லை, அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஒருவர் செல்ஃப் போட, நீங்கள் பேட்டரிக் குமிழில் அளக்க வேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் திராணி இல்லை. 11க்கு மேலேயே நின்றுகொண்டு செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி நிரபராதி. அப்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் போடச் சொல்லுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் கோளாறு. கடற்கரை ஊர்களில், ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கமெல்லாம், உப்புக்காற்றில் இந்த எர்த் ஒயரின் அடி போல்ட் உள்ளுக்குள்ளே துருப்பிடித்திருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றித் தேய்த்து மாட்டினால் பைசா செலவில்லாமல் சரியாகும் கோளாறு இது, இதற்கு செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிட்டு வருபவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

செல்ஃப் மோட்டாரேதான் என்று முடிவாகிவிட்டால், கை எட்டும் இடத்தில் இருந்தால், ஒருவர் சாவியைப் பிடித்திருக்க ஸ்பானர் காம்பால் மோட்டார் உடம்பில் லேசாக நாலு தட்டு. ஒயர் மாட்டும் இடத்தில் தட்டாதீர்கள். மாட்டிக்கொண்ட கார்பன் நகர்ந்து ஒரு தடவை ஓடிவிடும். அந்த ஒரு தடவையில் நேராக எலக்ட்ரீஷியன் கடைக்குப் போய்விடுங்கள், வழியில் டீக்கடையில் அணைக்க வேண்டாம்.

லைட்டெல்லாம் பிரகாசம், செல்ஃப் மட்டும் பேச்சு மூச்சில்லை

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் "சுற்று" என்ற கட்டளை செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் நிறையக் காவல்காரர்கள் உண்டு.

கிளட்ச்சை முழுசாக மிதித்தீர்களா? பட்டன் வண்டிகளிலும், சாவி வண்டிகளில் பலவற்றிலும், கிளட்ச் பெடல் கீழே ஒரு ஸ்விட்ச் இருக்கும், கால்மிதி நகர்ந்து பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தால் கூட அது அழுந்தாது. சிரிக்காதீர்கள், இதற்காக ஆள் வரவழைத்தவர்கள் உண்டு. ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் இருக்கிறதா பாருங்கள், பார்க்கில் போகவில்லை என்றால் நியூட்ரலில் வைத்து முயலுங்கள். நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆனால் கியர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. பட்டன் வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் ஸ்விட்ச்சோ அதன் ஃப்யூஸோ போயிருக்கிறது, நீங்கள் பிரேக் மிதித்தது வண்டிக்குத் தெரியவே இல்லை. இன்ஜின் அணைந்த நிலையில் நாலைந்து தடவை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும், அப்போது கொஞ்சம் பலமாக அழுத்த வேண்டும்.

"சாவி இல்லை" என்று டேஷ்போர்டில் வந்தால் ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதுவரைக்கும், பல வண்டிகளில் ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனின் மேல் ஒட்டி வைத்து அழுத்தினால் வேலை செய்யும். கதவு திறக்க அதே ரிமோட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது.

சாவி திரும்பவே மாட்டேன் என்கிறதா? ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கும், ஸ்டீயரிங்கை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே சாவியை மெதுவாகத் திருப்புங்கள். பலம் காட்டினால் சாவி உள்ளேயே உடையும்.

இவ்வளவும் சரி என்றால் ஃப்யூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும், ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சின்ன மின் ஸ்விட்ச், எது என்று பார்த்து, அதே எண் போட்ட இன்னொரு ரிலேவை, ஹாரன் ரிலே பல வண்டியில் அதே எண்தான், கழற்றி இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகி ஹாரன் அடிக்கவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். சாவி படமோ பூட்டுப் போட்ட கார் படமோ விடாமல் மின்னினால் அது இம்மொபிலைசர், சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து வாருங்கள். ஒரே வளையத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவியும் தொங்கினால் அதைக் கழற்றிவிட்டு முயலுங்கள், ஒன்று மற்றொன்றைக் குழப்புவது உண்டு.

அடுத்து பெட்ரோல். முள் கால் டேங்க் காட்டுகிறது என்பது ஆதாரம் இல்லை, மிதவை சிக்கியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஐந்து லிட்டர் ஊற்றிப் பாருங்கள், மலிவான சோதனை. பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, பாட்டெல்லாம் நிறுத்தி, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், செல்ஃப் வேண்டாம். பின்னாலிருந்து இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் முனகும். முனகவில்லை என்றால் பம்ப் ஃப்யூஸ், பம்ப் ரிலே, அதே இடம் மாற்றும் வித்தை. அவை சரி என்றால் பம்ப்தான் சந்தேகம். டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலாலோ உள்ளங்கையாலோ தட்டிக்கொண்டே ஸ்டார்ட் செய்தால், சாகப்போகிற பம்ப் கடைசியாக ஒரு தடவை ஓடுவதுண்டு.

பெட்ரோல் மூழ்கடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வண்டியைக் கேட்டுக்குள் நகர்த்த ஸ்டார்ட் செய்து, பத்தடி தள்ளி நிறுத்தி, உடனே அணைத்தீர்களா? குளிர்ந்த இன்ஜினுக்கு ஈசியு நிறையப் பெட்ரோல் ஊற்றும், அது எரிந்து தீர்வதற்குள் அணைத்தால் தீப்பொறி தரும் பிளக் நனைந்துவிடும். மறுநாள் சுற்றும், பிடிக்காது, பெட்ரோல் வாடை வரும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள். பெரும்பாலான இன்ஜெக்டர் வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் நின்றுவிடும், காற்று மட்டும் போய் உள்ளே காயும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

எலி. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலோ, தென்னந்தோப்பு ஓரத்திலோ, கோழித்தீவனம் வைத்திருக்கும் ஷெட்டிலோ வண்டி நின்றால், வாரக் கணக்கில் எடுக்காமல் இருந்தால், போனட்டைத் திறந்ததும் முதலில் எலிப்புழுக்கையைத் தேடுங்கள். இருந்தால் டார்ச் அடித்து இன்ஜெக்டர், காயில், சென்சார் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள், செம்பு தெரியும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது அவசரத்துக்குச் சரி, நிரந்தரமாக சால்டர் வைத்து ஸ்லீவ் போட வேண்டும். புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிடுவது, பாச்சை உருண்டை போடுவது எல்லாம் கொஞ்ச நாள் பலிக்கும், வாடை போனதும் எலி திரும்பிவிடும். வண்டியை அடிக்கடி எடுத்து ஓட்டுவதும், பக்கத்தில் குப்பைத்தொட்டி, தீவன மூட்டை இல்லாமல் பார்த்துக்கொள்வதும்தான் நடைமுறையில் உதவுகிறது.

அடுத்தது கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறதா, எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஈசியுவுக்குச் சொல்வது இதுதான். இது வாய் திறக்காவிட்டால் ஈசியு தீப்பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் துளி அசைகிறதா பாருங்கள், பல வண்டிகளில் 200, 300 வரைக்கும் எழும், பூஜ்யத்திலேயே ஒட்டிக்கிடந்தால் இந்த சென்சார் மேல் சந்தேகம் வரும். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி, வெயிலில் ஓட்டிவந்து நிறுத்திவிட்டு எடுத்தால் மட்டும் அடம்பிடித்து, அரை மணி ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிற வண்டியா? இதே சென்சார்தான் என் முதல் சந்தேகம், சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போய் ஆறினால் ஒட்டும்.

ஊகிக்க வேண்டாம் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் இடம்) செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கிப் போனில் பாருங்கள். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 கேம் சென்சார் (வால்வுகளை இயக்கும் தண்டின் நிலையைச் சொல்வது) சர்க்யூட், பி0230 பெட்ரோல் பம்ப் சர்க்யூட். சர்க்யூட் என்பதைக் கவனியுங்கள், சென்சார் கெட்டது என்று அது சொல்லவில்லை, ஒயர் அறுந்திருந்தாலும் இதே எண்தான் வரும். எண்ணைப் பார்த்ததும் பொருள் வாங்க ஓடாமல் முதலில் அந்த கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி. கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துவிட்டுக் கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பொறி வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் அது.

செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் "விர்ர்" என்று ஒரே சீராகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும்.

பிடிக்கிறது, உடனே அணைகிறது

ஒரு விநாடி ஓடி, கச்சிதமாக ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் அணைந்தால் இம்மொபிலைசர். தட்டுத்தடுமாறி அணைந்தால் காற்றுப் பாதை. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாய் கழன்றிருக்கிறதா பாருங்கள், சர்வீஸ் முடித்து வந்த மறுநாள் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் லேசாக மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது என்றால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கலாம்.

தினமும் காலையில் பேட்டரி காலி

பேட்டரியும் நல்லது, ஆல்டர்னேட்டரும் நல்லது, ஆனால் இரண்டு நாள் நின்றால் டவுன் என்றால் ஏதோ ஒன்று இரவில் கரண்ட்டைக் குடிக்கிறது. டிக்கி லைட், டேஷ்கேம், வெளியில் மாட்டிய பாட்டு செட், ஜிபிஎஸ் கருவி, இவைதான் வழக்கமான சந்தேக ஆட்கள். கண்டுபிடிக்க, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, சிவப்பு ஒயரை மீட்டரின் ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் தொடாதீர்கள், செல்ஃப் போட்டால் மீட்டர் ஃப்யூஸ் போகும். பூட்டிவிட்டு அரை மணி காத்திருங்கள், வண்டியின் கணினிகள் தூங்க நேரம் எடுக்கும். அப்புறம் 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் தடாலென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன்.

டீசல், சிஎன்ஜி

டீசலில் சுருள் கம்பி படம் போட்ட ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப். சமவெளியில் இதில் கோளாறு இருந்தாலும் தெரியாது, டிசம்பரில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் இரவு தங்கினால் காலையில் தெரியும். டேங்க் வறண்டு நின்ற டீசலில் குழாயில் காற்று புகுந்திருக்கும், ஃபில்டர் பக்கத்தில் கை பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அமுக்குங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டு வெடிக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவம் ஊற்றும் பிஎஸ்6 டீசல் வண்டிகளில், அது தீர்ந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகவே விடாது, அது கோளாறு இல்லை, சட்டப்படி அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

சிஎன்ஜி வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். கேஸ் இருக்கிறதே என்று பெட்ரோலை ரிசர்விலேயே வைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்களின் பம்ப்தான் அதிகம் எரிகிறது, ஏனென்றால் அந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். கால் டேங்க்காவது எப்போதும் வைத்திருங்கள்.

தள்ளலாமா? மேனுவல் கியர், சாவி வண்டி, கோளாறு பேட்டரியில் மட்டும் என்று உறுதி என்றால் தள்ளலாம். சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி வேகம் பிடித்ததும் சட்டென்று விட்டு, பிடித்ததும் மறுபடி மிதிக்க வேண்டும். இன்ஜின் ஓடாதவரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாக இருக்கும், இறக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பயனில்லை. செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டியைத் தள்ளாதீர்கள், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். கட்டி இழுக்க வேண்டி வந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியை நாலு சக்கரமும் மேலே ஏறும் லாரியில் மட்டும் அனுப்புங்கள், கயிறு கட்டி இழுக்க வந்தவர் "ஒண்ணும் ஆகாது சார்" என்றாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.